அக்காவின் இடது கால் கட்டைவிரல்

காலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டத் தெரிந்த ஆள் இந்தப் பூமியில் ஒருத்திதான் உண்டு. அவள் வாலுவின் அக்கா. ஒரு நொடியை அவள் கையில் கொடுத்தால் அறுபது துண்டாக நறுக்கி, எந்தத் துண்டில் உயிர் போகலாம், எந்தத் துண்டில் தப்பிக்கலாம் என்று தீர்ப்பு எழுதிக் கொடுப்பாள். எமனே கயிற்றை வீசுவதற்கு முன் அவளிடம் வந்து, "தாயே, இந்த வீச்சு கொஞ்சம் வேகமோ?" என்று கைகட்டிக் கேட்டுவிட்டுத்தான் போவான். பூமி சுற்றுவதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திங்கட்கிழமை இவ்வளவு சீக்கிரம் வந்து தொலைக்காது.

அதே அக்கா வாரத்துக்கு நான்கு தடவை பாலைப் பொங்கவிடுவாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்கு அவள் போய்ச் சேர்வதும் பேருந்து கிளம்புவதும் ஒரே துண்டில் நடக்கும்.

அவள் வேலை பார்ப்பது சண்டை விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஆறு பேர், ஐந்து நல்ல நாற்காலி. கீழே காற்றடிக்கும் இயந்திரம் இரைந்தால் மேலே தேநீர் நடுங்கும். திரைக்குள் இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். திரைக்கு வெளியே இரண்டு பேர் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார்கள். ஒரு குத்து கிளம்பி எதிராளி மேல் படுவதற்கு எத்தனை துண்டு, கையைத் திரும்ப இழுக்க எத்தனை துண்டு, தடுக்கப்பட்டால் எத்தனை துண்டு அசடு வழிய நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அக்காவின் வேலை. எல்லாம் ஒரு நோட்டில், பென்சிலில். அழிரப்பர் இல்லாமல் அவள் கழிவறைக்குக்கூடப் போனதில்லை.

"அடிக்கிறவனுக்கு ஆசை வரணும். வாங்குறவனுக்கு வழி இருக்கணும்" என்பாள். "வழி இல்லன்னா அது விளையாட்டு இல்லடி, வழிப்பறி."

இந்த வேலைக்கு அவள் மனு போட்டு வரவில்லை. முன்பு நகல் எடுக்கும் கடையில் இருந்தாள். ஒரு விளையாட்டில் வருகிற ஒரு உதையைத் தடுக்கவே முடியாது என்று நாற்பது பக்கம் புகார் எழுதி, அதே கடையில் ஓசியில் நகல் எடுத்து, அந்தக் கம்பெனிக்கு அனுப்பினாள். முதலாளி பதில் போடவில்லை, நேரில் வந்துவிட்டார். எந்தப் பேச்சையும் "அவசரம்" என்று தொடங்குகிறவர் என்பதால் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. "அவசரம்மா. இந்த நாப்பது பக்கத்த நான் படிச்சு முடிக்கணுமா, இல்ல நீயே வந்து சரி பண்றியா?" என்றார். அக்கா அன்று மத்தியானமே நாற்காலி மாறினாள்.

வாலுவுக்குப் பதினேழு வயது. கணக்குத் தேர்வை இரண்டு தடவை எழுதிப் பார்த்து, மூன்றாவது தடவைக்குக் காத்திருக்கிறவள். படிப்பு அவளைக் கைவிட்டதா, அவள் படிப்பைக் கைவிட்டாளா என்பது வீட்டில் இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. ரிமோட்டில் பேட்டரியைத் திருப்பிப் போடுவது, அம்மாவின் அலாரத்தில் நாய் குரைக்கும் சத்தத்தை வைப்பது என்று இடைக்காலத்தில் சமூக சேவை செய்துகொண்டிருந்தாள். அம்மா மருத்துவமனையில் ஊசி போடும் அறையில் நர்ஸ். நாய் குரைத்து எழுந்த அன்று எத்தனை பேர் கையில் ஊசி இரண்டு தடவை ஏறியதோ தெரியாது.

ஆனால் வாலுவுக்கும் ஒரு பதவி இருந்தது. அக்காவின் சோதனைக் கை அவள்தான். சாயங்காலம் அக்கா வந்ததும் சோபாவில் சாய்ந்து கால்களை முக்காலியில் நீட்டுவாள். வாலு கீழே பாயில், முக்காலியில் தோள் சாய்த்து உட்காருவாள். ஆளுக்கொரு கன்ட்ரோலர். அக்கா அடிப்பாள், வாலு தடுப்பாள். எந்த வேகத்தில் எத்தனை தடுக்கிறாள் என்று நோட்டில் ஏறும். பத்துக்கு எட்டு தடுத்தால் அக்கா அவள் தலையில் பென்சிலால் ஒரு தட்டு தட்டி, "கண்ணு, உன் கை கை இல்ல, மின்னல்" என்பாள். பள்ளிக்கூடம் பத்து வருஷத்தில் தராத மதிப்பெண்ணை அந்தப் பென்சில் ஒரு தட்டில் தந்தது.

இங்கேதான் கொக்கு வருகிறது.

கொக்கு என்பது அந்த விளையாட்டில் ஒற்றைக் காலில் நின்று சண்டை போடுகிற ஓர் ஒல்லிக்குச்சி ஆள். மூக்கு நீண்ட முகமூடி, வெறும் கால். அவனுடைய பெரிய அடி 'கொத்து'. குனிந்து எதிராளியின் காலில் ஒரே கொத்து. அதைத் தடுக்க வேண்டுமானால் சரியான நேரத்தில் குனிய வேண்டும். எப்போதும் குனிந்தே இருக்கலாமே என்றால், மேலிருந்து உதை விழும். கொத்தைத் தடுத்துவிட்டால் கொக்கு முகமூடி தரையில் சிக்கி அரை நொடி விழிப்பான். அப்போது சாத்து சாத்தென்று சாத்தலாம். அக்காவுக்கு அவன் செல்லப்பிள்ளை. முதலில் கொத்துக்கு இருபத்திரண்டு துண்டு வைத்திருந்தாள். ஆமை கொத்துகிற மாதிரி இருக்கிறது என்றார் அவசரம். அக்கா இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

இருபதில் வாலு தடுத்தாள். பதினெட்டில் தடுத்தாள். பதினாறிலும் தடுத்தாள். கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அழுத்துவதற்கு நல்ல ஆட்டக்காரருக்கே பதினைந்து பதினாறு துண்டு பிடிக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். பதினான்கிலும் வாலு பத்துக்கு ஒன்பது தடுத்தாள். அக்கா நோட்டைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், தொழிலே தப்பு என்று முடிவு செய்தாள்.

உண்மை என்னவென்றால், வாலு திரையைப் பார்க்கவே இல்லை.

கொத்துக்குக் கீழ்ப்பொத்தானோடு இன்னும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்தக் கஷ்டத்துக்கு அக்காவின் கை மட்டும் போதாது, இடது கால் கட்டைவிரலும் ஒத்தாசைக்கு எழும். விரல் எழுந்த பிறகுதான் கை அழுத்தும். அந்த விரல் வாலுவின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, முக்காலியில் இருந்தது. விரல் எழுந்தால் குனி, எழாவிட்டால் நில். மின்னலாவது, இடியாவது. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். சொன்னால் பென்சில் தட்டு போய்விடும் என்பதால் சொல்லவில்லை.

விரலைப் பார்க்கப் போனவள் குதிகாலையும் பார்க்க நேர்ந்தது. அக்காவின் குதிகால் வறண்ட குளம் மாதிரி வெடித்திருந்தது. டயர் கடை மாடியின் சிமென்ட் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து நடந்து வந்த வெடிப்பு. வாலு ஒரு நாள் மருந்துக்கடையில் களிம்பு டப்பா ஒன்று வாங்கினாள். வாங்கிய பிறகுதான் சங்கடம் புரிந்தது. அலாரத்தில் நாயை வைக்கிற பெண் காலுக்குக் களிம்பு கொடுத்தால் அவள் மானம் என்ன ஆவது? ஏதாவது குறும்போடு சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று தலையணை உறைக்குள் போட்டு வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பூனை வேலைக்குச் சேர்ந்தாள்.

பூனைக்கு இருபத்திரண்டு வயது. நடந்தால் சத்தம் வராது, சிரித்தால் சத்தம் வராது, நாற்காலியை இழுத்தால்கூட வராது. நன்றாக வரைவாள், அதைவிட நன்றாக ஆடுவாள். கம்பெனிக்கென்று அமர்த்திய சோதனைக் கை. முதல் நாள் சாயங்காலமே அக்கா சொன்னாள், "புதுப் பொண்ணு ஒருத்தி வந்திருக்கா. என்ன கை தெரியுமா?"

"கொத்த தடுத்தாளா?"

"பத்துக்கு ஒண்ணு."

"அப்ப என்ன கை அது, உலக்கை" என்றாள் வாலு. அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவளுக்கு இந்தக் கணக்கும் தப்பாகப் போனது. தடுக்கிறவளை யார் கவனிப்பார்கள்? தடுக்க முடியாதவளைத்தானே உட்கார்த்திச் சொல்லிக் கொடுப்பார்கள். "என் தங்கச்சி பதினாலுல தடுக்குறா, உன்னால ஏன் முடியல" என்று அக்கா பூனையோடு ஆபீஸில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார ஆரம்பித்தாள். வாலுவோடு உட்கார்வது அரைமணியாகி, கால்மணியாகி, "இன்னிக்கு வேணாம்டி, உனக்குத்தான் வருதே" என்று ஆனது. வாலு பத்துக்குப் பத்து தடுத்தாள். பென்சில் காதில் சொருகியபடியே இருந்தது.

ஒரு நாள் அக்கா தொலைபேசியில் பூனையோடு பேசிக்கொண்டிருந்தாள். "அழாத கண்ணு. நாளைக்கு வந்துரும் பாரு."

கண்ணு. வாலு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே எதுவும் வேண்டாமல், முகத்தை அதற்குள் நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வயிற்றெரிச்சலுக்குக் குளிர்ச்சி நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எரிச்சல் அடங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கம்பெனி முதல் முறையாக ஒரு பொதுப் போட்டி வைத்திருந்தது. வாடகை அரங்கம், முப்பத்திரண்டு ஆட்டக்காரர்கள். வெள்ளி மத்தியானம் எண்களை எல்லாம் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் தொட முடியாது. கொத்து பதினான்கில் இருக்கலாமா என்பதுதான் பேச்சு. தடுக்க முடியாத கொத்தாக இருந்தால் முப்பத்திரண்டு பேரும் கொக்கை எடுத்துக் கொத்திக்கொண்டே இருப்பார்கள். பார்க்கிறவன் எழுந்து போவான், விளையாட்டு அன்றைக்கே செத்தது. "அவசரம்மா. பூனையால முடியல, உன் தங்கச்சியால முடியுதுங்கிற. உன்ன நம்பித்தான் விடுறேன். கவுந்துச்சுன்னா உன் நாற்காலியும் சேந்து கவுந்துரும்" என்று முதலாளி சொன்னதை அக்கா வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதைக் கேட்டபோது வாலுவுக்கு நாக்கு நுனியில் கட்டைவிரல் வந்து நின்றது. சொல்லிவிடலாம். அப்போது அக்கா சொன்னாள், "நாளைக்கு பூனைய வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். நீ தடுக்குறத நேர்ல பாக்கணுமாம்."

வாலு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வியாழன் சாயங்காலம் பூனை வந்தாள். காலிங் பெல்கூட அவள் அழுத்தினால் மெதுவாகத்தான் அடித்தது. "அக்கா, இது உங்களுக்கு" என்று ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். அக்கா. அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு சொந்தக்காரிதான் என்று வாலு நினைத்திருந்தாள். பட்டா இல்லாமல் போய்விட்டது.

பொட்டலத்தில் சாக்ஸ். சாம்பல் நிறம், தடித்த கம்பளி.

"ஆபீஸ் தரை சில்லுனு இருக்குல்ல. உங்க குதிகால் வெடிச்சிருக்கே, பாத்தேன்" என்றாள் பூனை.

அக்கா அதை அங்கேயே மாட்டிக்கொண்டு, "அடடா, பாதம் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள். வாலுவின் தலையணை உறைக்குள் ஒரு டப்பா மூன்று வாரமாகப் படுத்துக்கிடந்தது. மூன்று வாரம். குதிகாலை முதலில் பார்த்தது யார்? ஆனால் முந்திக்கொண்டவளுக்குத்தான் வெற்றி என்பது சண்டை விளையாட்டின் முதல் விதி.

"வா வாலு, காட்டு இவளுக்கு. பத்து தடவ" என்று அக்கா காலை முக்காலியில் நீட்டினாள்.

வாலு பாயில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள். முக்காலியில் இரண்டு சாம்பல் முயல்கள் படுத்திருந்தன. விரல் எது, மேடு எது என்றே தெரியவில்லை.

முதல் கொத்து காலில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதற்கு உத்தேசமாகக் குனிந்தாள். மேலிருந்து உதை விழுந்தது. பத்து முடிந்தபோது ஒன்றே ஒன்றுதான் தடுத்திருந்தாள், அதுவும் தும்மல் வந்து குனிந்தது.

"என்னடி ஆச்சு?" என்றாள் அக்கா.

வாலு காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டு, "கை வலிக்குது. மத்தியானம் துணி தோச்சேன்ல" என்றாள்.

"நீ துணி தோச்சியா?"

பூனை இடையில் புகுந்தாள். "பரவால்லக்கா. நான் எதிர்ல உக்காந்து உத்துப் பாத்தா யாருக்கும் தடுமாறத்தான் செய்யும். தங்கச்சிக்கு அசதியா இருக்கும்."

பரிந்து பேசினாள். அது கொத்தைவிட ஆழமாக இறங்கியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம்; இதைத் தடுக்க எந்தப் பொத்தானும் இல்லை. பூனை போன பிறகு அக்கா நோட்டில் ஒன்பதை அழிக்கவும் இல்லை, ஒன்றை எழுதவும் இல்லை, பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் சாம்பல் முயல்கள் இரண்டும் வாலுவின் தலையணை உறைக்குள் குடிபுகுந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா சோபாவுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினாள். "என் சாக்ஸ பாத்தியா?"

"உன் சாக்ஸுக்கு நான் என்ன காவல்காரியா?" என்றாள் வாலு, காதை இழுத்துவிட்டுக்கொண்டே.

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்து, வெறும் காலை முக்காலியில் நீட்டினாள். "சரி விடு. கடைசியா ஒரு பத்து. பன்னெண்டு மணிக்கு எண்கள எல்லாம் பூட்டிருவாங்க."

விரல் எழுந்தது, குனிந்தாள். எழுந்தது, குனிந்தாள். எழவில்லை, நின்றாள், உதை வந்தது, தடுத்தாள். ஒன்பதும் பிசகவில்லை. பதவி திரும்பி வந்துவிட்ட மிதப்பில் வாலுவுக்கு உடம்பே லேசானது. பத்தாவது முறை விரல் எழுந்தது. வாலு குனிந்தாள்.

திரையில் கொக்கு ஒற்றைக் காலில் சும்மா நின்றான். அவனுக்கு எதிரே வாலுவின் ஆள், ஒன்றுமே இல்லாததற்குப் பயந்து குனிந்து கிடந்தான்.

"யாரும் கொத்தலையே" என்றாள் அக்கா. "எதத் தடுத்த?"

"வரும்னு தோணுச்சு."

மறுபடியும் விரல் எழுந்தது. இந்தத் தடவை குனியக் கூடாது என்று வாலுவுக்கு நன்றாகத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. குனிந்த தலைமேல் கொக்கின் உதை நிதானமாக, விருந்தாளி மாதிரி வந்து இறங்கியது.

அக்கா கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"இருபத்திரெண்டுலேர்ந்தா?"

"ம்."

அக்கா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பது, பத்து. எல்லாம் பொய். "அந்தப் புள்ள தினமும் அழுதுட்டுப் போச்சு, வாலு. வேலைய விட்டுடறேன்னு சொல்லிட்டிருக்கா. அவ கையிலதான் குறைன்னு நெனச்சேன். ஊர்ல எல்லாரும் முடியாதுன்னாங்க. என் தங்கச்சி தடுக்குறான்னு மார் தட்டினேன்."

"நீ அவள கண்ணுன்னு கூப்பிட்ட."

அது வெளியே வந்த பிறகுதான் வாலுவுக்கே தெரிந்தது. அக்கா நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா, சீருடையில் பொத்தான் மாட்டியபடி அறையைக் கடந்தாள். "காலங்காத்தால என்னடி பஞ்சாயத்து?"

"கொத்து யாராலயும் தடுக்க முடியாதுமா. தப்பா வெச்சிட்டேன்" என்றாள் அக்கா.

"வேகமாத்தான் குத்தணும். மெதுவாக் குத்தினா இன்னும் வலிக்கும்" என்று தன் தொழிலைச் சொன்னாள் அம்மா. "ஆனா சொல்லிட்டுக் குத்தணும். பஞ்ச வெச்சுத் தேய்க்கும்போதே அவங்க பல்லக் கடிச்சுக்குவாங்க. சொல்லாமக் குத்தினா யாரா இருந்தாலும் துள்ளுவாங்க." கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா முக்காலியைப் பார்த்தாள். இடது கால் கட்டைவிரலைத் தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள்.

"கொக்குக்கும் வெறும் கால்தானே" என்றாள் மெதுவாக. பிறகு, "செருப்ப மாட்டு. நீயும் வர்ற."

"நான் எதுக்கு?"

"இந்த விரல என்னவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

அன்றைக்கு அதிசயமாகப் பேருந்து கிடைத்தது.

டயர் கடை மாடியில் பூனையிடம் வாலு சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "நான் தடுக்கவே இல்ல. அக்கா கால் விரலப் பாத்துக் குனிஞ்சேன். உங்க கையில ஒரு குறையும் இல்ல." பூனை நிமிர்ந்து, "நெஜமாவா?" என்றாள். கண்ணில் நீர் தளும்பியது. அழும்போதும் அவள் சத்தம் போடவில்லை. வாலுவுக்குப் பாவமாக இருந்தது. இப்படி அழகாக அழ வருகிறதே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பிறகு மூன்று மணி நேரம் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. கொத்து பதினான்கில் அப்படியே இருக்கட்டும். ஆனால் கொத்துவதற்கு முன்னால் கொக்கின் கால் கட்டைவிரல் எழ வேண்டும். பூனை விரலை வரைந்து அசைத்தாள். "இவ்ளோ மேல போகாது, நகம் மட்டும்தான் தூக்கும்" என்று வாலு திருத்தினாள். எத்தனை துண்டு முன்னால் எழ வேண்டும்? நான்கு வைத்துப் பார்த்தார்கள். பூனை பத்துக்கு மூன்று தடுத்தாள். ஆறு வைத்தபோது ஐந்து. எட்டு வைத்தபோது ஏழு. "எட்டு. அக்காவுக்கும் எட்டுதான் இருக்கும்" என்றாள் வாலு.

எட்டையும் பதினான்கையும் அக்கா நோட்டின் ஓரத்தில் கூட்டினாள். இருபத்திரண்டு. "சுத்திச் சுத்தி ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துட்டோம்" என்றாள். பிறகு இன்னொன்றையும் சேர்த்தாள். கொக்கு விரலைத் தூக்கிவிட்டு, கொத்தாமலும் இருக்கலாம்.

"அய்யோ, இது அநியாயம்க்கா" என்றாள் பூனை.

"காலையில ஒருத்திகிட்ட சோதிச்சாச்சு. நல்லா வேலை செய்யுது" என்றாள் அக்கா, வாலுவைப் பார்க்காமல்.

முதலாளி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே வந்து, "அவசரம்மா" என்றார். எண் பூட்டியாகிவிட்டிருந்தது. அவர் வாழ்க்கையில் முதல் முறையாக அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

சனிக்கிழமை அரங்கத்தில் முதல் ஒரு மணி நேரம் கொக்கு எல்லோரையும் கொத்தித் தள்ளினான். அக்காவின் முகம் வெளுத்தது. வாலு அவள் பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஆட்டக்காரி சரியாகக் குனிந்தாள். கொக்கின் முகமூடி தரையில் சிக்கியது. அவள் சாத்தினாள். "விரலப் பாரு, விரலப் பாரு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். பத்து நிமிடத்தில் அரங்கம் முழுக்க ஒரு கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் ஒருவர் விரலை மட்டும் தூக்கிவிட்டுச் சும்மா நிற்க, எதிராளி வெறுமைக்குக் குனிய, கூட்டம் கூரை அதிரச் சிரித்தது. அத்தனை பேரையும் சிரிக்க வைத்த கால் ஒரு தேய்ந்த செருப்புக்குள் கூச்சத்தோடு ஒளிந்துகொண்டிருந்தது வாலுவுக்கு மட்டும்தான் தெரியும். பூனைக்கும் தெரியும். அதுதான் உறுத்தல்.

கடைசியில் திரையில் நன்றி சொல்லும் பட்டியல் ஓடியது. சோதனைக் கைகள்: பூனை, வாலு.

"அவ பேரு ஏன் முதல்ல?" என்றாள் வாலு.

"அகர வரிசைடி."

"வால் இல்லாமப் பூனை ஏது? எந்த ஊர்ல பாத்த?"

அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்து அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள். பாராட்டா, வாயை மூடு என்பதா தெரியவில்லை. வாலு பாராட்டு என்றே கணக்கில் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி துவைக்க உறைகளை எல்லாம் உருவினாள். வாலு எழுந்து வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கட்டில்மேல் இரண்டு சாம்பல் சாக்ஸ். பக்கத்தில் ஒரு டப்பா.

"சாக்ஸ் என்னோடது. இது யாரோடது?"

"என்னோடது. காலுக்குப் போடுறது."

அக்கா அவள் பாதத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "உன் குதிகால் வாழைத்தண்டு மாதிரி இருக்கு."

"வருமுன் காக்கணும்ல."

அக்கா டப்பாவைக் கவிழ்த்தாள். அடியில் பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: 'அக்காவுக்கு. தினம் ரெண்டு வேளை. கேள்வி கேக்காத.' எழுதியதை வாலு மறந்தே போயிருந்தாள்.

"அது வேற ஒரு அக்காவுக்கு" என்றாள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, இடது குதிகாலில் கொஞ்சம் தடவினாள். எரிந்திருக்க வேண்டும், கட்டைவிரல் எழுந்தது.

"என் விரல மூணு மாசமாப் பாத்திருக்க" என்றாள் நிமிராமல். "நீ பொய் சொல்றதுக்கு முன்னாடி என்ன செய்வன்னு நான் பதினேழு வருஷமாப் பாத்துட்டிருக்கேன். கைய எடு கண்ணு, காது சிவந்துடப் போகுது."

வாலுவின் கை காது மடலில் இருந்தது.